கோடை பகல்

1

இந்தக் கதை என் சித்தப்பா தணிகாசலத்தின் வாயில் பிறந்தது. எந்தக் கல்யாணப் பந்தியானாலும் பாயசம் வருவதற்குள் சொல்லிவிடுவார். இலைக்கு இலை சிரிப்பார்கள். நாற்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. சிரித்தவர்களில் ஒருவர்கூட நொண்டுகிற என் இடது காலைப் பார்த்ததில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "1960 ஏப்ரலில் சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்தபோது..." (வேண்டாம், பாடப்புத்தகம்.)

இரண்டாவது: "சுவரில் ஒரு விரிசல், கறுத்த பாம்பைப் போல..." (சீ! விரிசல் விரிசல் மாதிரிதான் இருந்தது. விரல் நுழையும்.)

நேராகவே சொல்கிறேன். எங்கள் சத்தியவேட்டில் அந்த வருஷம் புரட்டாசி. எனக்கு நாலு வயது. எங்கள் வீட்டு மண்சுவர் விரிசல் விட்டிருந்தது. என் அம்மா செங்கம்மா ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெலுங்கு தெரியாது, சுவர் வைக்கத் தெரியும். மண்ணில் வைக்கோல் போட்டு மிதித்துப் புளிக்கவும் வைத்துவிட்டாள்.

நைனா, அதாவது அப்பா, வந்து பார்த்தார்.

"பொம்பள செவுரு வெச்சா ஊரே சிரிக்கும். ரேணிகுண்டா மேஸ்திரிய வரச் சொல்லிக்கீறேன்."

"நாலு நாள் வேலய்யா. நானே முடிச்சிர்றேன்."

"சும்மா கெட."

ஊர் எப்படியும் சிரித்தது என்பது வேறு விஷயம்.

3

நைனா இல்லாத நேரத்தில் மேஸ்திரி நாகபூஷணம் வந்தார். விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துத் தெலுங்கில் சொன்னார்:

"கோட பகுலு. வெண்டனே கட்டாலி."

சுவர் விரிசல், உடனே கட்ட வேண்டும் என்று அர்த்தம். அம்மாவின் காதில் விழுந்ததோ, 'கோடை பகல்ல கட்டலாம்'. "சரி" என்று தலையாட்டினாள். சரி இரண்டு மொழியிலும் சரிதான். ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள் என்று அவர் போய்விட்டார்.

(இந்த இடத்தில்தான் பந்தி சிரிக்கும். நீங்களும் சிரித்திருந்தால் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.)

"கோடை வரிக்கும் தாங்கும்னு மேஸ்திரியே சொல்லிட்டாரு" என்றாள் நைனாவிடம். நைனாவுக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடு. மேஸ்திரியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிதித்த மண் காய்ந்து கட்டியாயிற்று. ஐப்பசி மழையில், பட்டப்பகலில், சுவர் என் காலின் மேல் விழுந்தது.

இதில் முட்டாள் என் அம்மாவாம்! வேலை தெரிந்த கையைத் தடுத்தவர் இல்லையாம். சொன்னது புரிந்ததா என்று கேட்காமல் நடையைக் கட்டியவர் இல்லையாம். அம்மாவும் அதை நம்பிவிட்டாள். இன்றைக்கும் என் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, "எனக்கு அந்த பாஷ தெரியாம பூட்சே" என்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

4

முடிவுகள்:

அ) பந்தியில் அம்மா எழுந்து சித்தப்பாவின் முகத்துக்கு நேராக... (அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

ஆ) நாகபூஷணம் திரும்பி வந்து மன்னிப்பு... (யார் நம்புவார்கள்?)

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கோபப்பட்டாள், என் மேல்.

"எல்லாரையும் திட்டிக்கினு கீற. செவுரு இன்னும் வுழுந்துக்கினுதான கீது? கதையிலயாவது என்ன வேல செய்ய வுடுடி."

விட்டேன். நைனா கத்தக் கத்த அம்மா மண்ணில் இறங்கினாள். விரிசல் கண்ட இடத்தை இடித்துத் தள்ளினாள். அடுக்கடுக்காக வைத்து ஏற்றி, ஐந்தாம் நாள் பூசி முடித்தாள். ஐப்பசி மழை வந்தது, போயிற்று. சுவர் நின்றது.

அதையும் படித்துக் காட்டினேன்.

"அப்டின்னா அந்தக் கொயந்த ஓடுமா?"

"ஓடும்மா."

"எழுது."

'தாட்சாயணி ஓடுகிறாள்' என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. ஓடினால் மூச்சு எப்படி இரைக்கும், எங்கே போய் நிற்கத் தோன்றும், எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஓடியிருப்பீர்கள். நீங்களே எழுதுங்கள்.