என் அத்தான் தூங்கினது உண்மைதாங்க

‘சூடு ஆறுமுன்’ நிகழ்ச்சியின் மேடைக்குப் பின்னால் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் மின்விளக்கில் எரியும்: யாரையும் விடமாட்டோம். நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அது எரிகிறது. இதுவரை அவர்கள் விடாமல் பிடித்தவர்களில் வானிலை வாசிப்பவர் உண்டு, தோற்றுப்போன ஆட்டக்காரர்கள் உண்டு, மூன்றாவது கல்யாணம் செய்துகொண்ட ஒரு பாடகி உண்டு. வழக்குப் போட வசதியுள்ளவர்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அவர்கள் அந்த ‘யாரையும்’ என்பதில் சேரமாட்டார்கள்.

வாரத்துச் செய்திகளை வைத்துக் கேலி பேசும் தொலைக்காட்சி நிகழ்ச்சி. நடுவில் நடுவர், இரு பக்கமும் நகைச்சுவையாளர்கள். நடுவர் ஒரு செய்தியைச் சொல்லிக் கேள்வி கேட்பார். அந்த நொடியில் மனதில் தோன்றியதை இவர்கள் பட்டென்று சொல்ல வேண்டும். அந்த நொடியில் தோன்ற வேண்டியதை இரண்டு நாளுக்கு முன்பே எழுதி, ஒத்திகை பார்த்து, யார் எந்த இடத்தில் பேச்சு வராமல் தடுமாற வேண்டும் என்பதுவரை முடிவு செய்திருப்பார்கள். தடுமாற்றத்தில் நடுவரை மிஞ்ச ஆளில்லை. அதற்காக அவருக்கு விருதுகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

இடப்பக்கம் கடைசி நாற்காலி கொசுவுடையது. மெல்லிய குரல், மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது காதோரமாக வந்து ஒரு வார்த்தை கடித்துவிட்டுப் போவான். அதனால் வந்த பெயர். பொதுமக்களும் அன்போடு அப்படித்தான் கூப்பிட்டார்கள். அக்கா மட்டும் தம்பி என்பாள்.

அந்த வாரத்துப் பெரிய செய்தி லிஃப்ட். புதிய மருத்துவமனைக் கட்டடத்தைத் திறந்துவைத்த அமைச்சர், நாட்டை உயரத்துக்குக் கொண்டுபோவதாகப் பேசிவிட்டு லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நாடு நின்றுவிட்டது. எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்டில் பதினாலு பேர், போதாததற்கு ஆளுயரப் பூங்கொத்து ஒன்று. கதவை நெம்பி வெளியே எடுத்தபோது அமைச்சரின் தலைமேல் இதழ்கள் இருந்தன. மறுநாள் துறை அறிக்கை விட்டது: லிஃப்டைக் கவனிக்கும் ஊழியர் பணி நேரத்தில் தூங்கிவிட்டார், அவர் தற்காலிகமாக நீக்கப்பட்டிருக்கிறார், விசாரணை நடக்கும்.

அந்த ஊழியர் கொசுவின் அக்கா புருஷன்.

அக்கா தொலைபேசியில் அழவில்லை. அதுதான் கொசுவுக்குப் பயமாக இருந்தது.

“அவரு மேல மெஷின் ரூமுக்குத்தான் கிளம்பினாரு தம்பி. வாசல்ல கைதட்ட ஆள் பத்தலைன்னு கண்காணிப்பாளரே பிடிச்சு வரிசையில நிறுத்திட்டான். கையில ஒரு கொடி வேற. இவரும் தட்டிக்கிட்டு நின்னிருக்காரு. இப்ப அதே ஆளு, தூங்கிட்டான்னு எழுதிக் குடுத்திருக்கான்.”

“அத்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே.”

“உங்க அத்தானைத் தெரியாதா உனக்கு? பெரியவங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்கிறாரு. வேலை போச்சுன்னா குவாட்டர்ஸையும் விடணும். பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருக்கா. எங்கடா போவேன்? ஊரே உன் வாயைத்தானே பாக்குது. ஒரு வார்த்தை சொல்லு.”

எழுத்தாளர்கள் கூடும் அறையில் கொசு விஷயத்தைச் சொன்னதும் தயாரிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார்.

“சொந்த அத்தானாடா? இதை ஏன்டா இத்தனை நாள் மறைச்சே?”

“நேத்துதான் சார் நடந்துச்சு.”

“தங்கம்டா. தங்கம்.”

பக்கத்து நாற்காலிக்காரரான புலவர்தான் வழி சொன்னார். எதுகை போட்டுத் திட்டுவதால் புலவர். மற்றபடி இலக்கியத்துக்கு அவரால் எந்தக் கெடுதலும் நேர்ந்ததில்லை. “நேரா நியாயம் பேசாதே கொசு. நியாயம் பேசினா ஜனங்க தண்ணி குடிக்க எழுந்து போயிடுவாங்க. முதல்ல ஒத்துக்கோ. ஆமா தூங்கினார்னு சொல்லு. அப்புறம் கவுத்து.”

அது இந்தத் தொழிலின் பாலபாடம். முதல் வரியில் எல்லோரும் நம்புவதைச் சொல்லித் தலையாட்ட வைக்க வேண்டும். இரண்டாம் வரியில் காலை வாரிவிட வேண்டும். பொய் முன்னால், உண்மை பின்னால். கொசு பிழைப்பு நடத்தியதே இதில்தான். அன்றும் அப்படியே எழுதினான். தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, தான் எழுதியதைத் தானே இன்னொரு தடவை படித்தான்.

பதிவு நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. நடுவர் லிஃப்ட் செய்தியைச் சொல்லி, தடுமாற வேண்டிய இடத்தில் தடுமாறி, “கொசு, இதுல உங்களுக்கு ஏதோ குடும்பச் சம்பந்தம் இருக்காமே?” என்றார்.

“என் அத்தான் தூங்கினது உண்மைதாங்க,” என்றான் கொசு.

தலைகள் ஆடின. அவன் காத்திருந்தான். அந்த இடைவெளிதான் அவனுடைய சொத்து. எவ்வளவு நேரம் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது, நாக்குக்குத் தெரியும்.

“நின்னுக்கிட்டே தூங்கினாரு. கண்ணை முழிச்சிக்கிட்டே தூங்கினாரு. ரெண்டு கையையும் தட்டிக்கிட்டே தூங்கினாரு. ஏன்னா அமைச்சரை வரவேற்க ஆள் பத்தலைன்னு, லிஃப்டைப் பாக்க வேண்டிய மனுஷனைக் கொண்டுபோய் வாசல்ல கைதட்ட நிறுத்திட்டாங்க.”

அரங்கம் வெடித்தது. சிரிப்பு ஓய்ந்த பிறகு கைதட்டல் வந்தது. சிரிப்பு வேறு, கைதட்டல் வேறு. இரண்டாவது கிடைத்தால் விஷயம் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். கொசு வெளியே வந்ததும் அக்காவைக் கூப்பிட்டான். “வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவச்சுப் பாருக்கா. நானும் வர்றேன்.”

இடையில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. அன்றைக்குத்தான் பதிவை வெட்டுவார்கள்.

வெட்டும் அறையில் மூன்று பேர்: தொகுப்பாளர், தயாரிப்பாளர், வழக்கறிஞர் அம்மா. அம்மாவுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்பார்கள். தவறு. எதற்குச் சிரிப்பு வரும் என்று அவருக்கு எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடும். அந்த இடத்தில்தான் பேனாவை வைப்பார். வாசலில் நின்றவர்கள் தாங்களாக வரவேற்க வந்தவர்கள் அல்ல, கைதட்டுவதற்காக நிறுத்தப்பட்டவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். விசாரணை நடக்கும்போது இதைச் சொல்லக் கூடாது என்றார்.

“அப்ப கொசு சொன்னதை மொத்தமா எடுத்துடலாமாம்மா?” என்றார் தயாரிப்பாளர். குரலில் நிஜமான துக்கம்.

“எதுக்கு? முதல் வரியில ஒரு தப்பும் இல்லையே. துறை சொல்றதைத்தான் இவரும் சொல்றாரு. சொந்தக்காரரே ஒத்துக்கறாரு. இந்த வாரத்துலயே பத்திரமான வரி அதுதான்.”

“சிரிப்பு பின்வரிக்குத்தாம்மா வந்துச்சு,” என்றார் தொகுப்பாளர்.

“சிரிப்பு மேல எனக்கு ஆட்சேபம் இல்லை.”

தொகுப்பாளர் அந்தச் சிரிப்பை அலுங்காமல் எடுத்து முதல் வரிக்குப் பின்னால் தைத்தார். கைதட்டலையும் சேர்த்துக்கொண்டார். வேறொரு கேள்வியில் கிளியைப் பற்றிப் பேசியபோது புலவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்திருந்தார். அதைக் கொண்டுவந்து ஒட்டினார். தையல் தெரியவில்லை. மூவருக்கும் கொசுவின் அத்தான்மேல் எந்தக் கோபமும் இல்லை. தொகுப்பாளர் அன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை குவாட்டர்ஸில் அக்கம்பக்கத்துக்காரர்கள் நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அத்தான் சலவைச் சட்டை போட்டிருந்தார். கொசு தன் பக்கத்தில் அவரை உட்காரவைத்துக்கொண்டான். அக்கா மகள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள்.

திரையில் கொசு சொன்னான்: “என் அத்தான் தூங்கினது உண்மைதாங்க.”

சிரிப்பு. கைதட்டல். நடுவரின் தொப்பை குலுங்கியது. புலவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். அடுத்த செய்தி, கிளி.

அறையில் ஒருத்தரும் அத்தான் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அத்தனை பேரும் சேர்ந்து பாடுபட்டார்கள்.

“அவ்வளவுதானா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், மெதுவாக.

“இல்லை, இன்னும் இருக்கு,” என்றான் கொசு. “மீதி வரும்.”

விளம்பரம் வந்தது. தோற்ற ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. அதில் சட்ட ஆலோசனை என்று ஒரு பெயர். கொசு இன்னும் முன்னால் சாய்ந்தபடியே இருந்தான். அத்தான்தான் எழுந்து பெட்டியை அணைத்தார்.

“நல்லாத்தான் இருந்துச்சு மாப்ளே,” என்றார். “அந்த ஆளு கீழே விழுந்தாரே, அடி படலையே?”

அக்கா தண்ணீர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வரி ஊரெல்லாம் பரவியது. பேருந்தில் ஒருவன் கண்ணயர்ந்தால் பக்கத்திலிருப்பவன், “இவரு தூங்கினது உண்மைதாங்க” என்றான். நாடாளுமன்றத்தில் ஒரு கட்சி இன்னொரு கட்சியைப் பார்த்துச் சொன்னது. கொசு தயாரிப்பாளரிடம் போய், மீதியையும் போடச் சொல்லிக் கெஞ்சினான்.

“போட்டிருப்பேன்டா. இப்ப அது போன வாரத்துச் செய்தி. யாரு பாப்பா?” தயாரிப்பாளர் அவன் தோளில் கை வைத்தார். “உன் அத்தானை நாடே கொண்டாடுது. ஒரு தடவை நிகழ்ச்சிக்குக் கூட்டிட்டு வாயேன். முன்வரிசையில உட்காரட்டும்.”

கொசுவுக்கு இருந்த ஒரே வழி விசாரணை. சாட்சி சொல்ல வருகிறேன் என்று தானே கேட்டுக்கொண்டு போனான். நிகழ்ச்சிக்குப் போடும் பளபளச் சட்டையைத் தவிர்த்து, இருந்ததிலேயே மங்கலான சட்டையைப் போட்டுக்கொண்டான். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். மேஜைக்கு இந்தப் பக்கம் அத்தான், முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளரும் ஓரமாக இருந்தார்.

கொசு உள்ளே நுழைந்ததும் மூன்று அதிகாரிகளின் முகமும் மலர்ந்தது. நடுவில் இருந்தவர் மனைவிக்காக ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு அமர்ந்து முகத்தைச் சரிசெய்துகொண்டு, “உங்க வாக்குமூலத்தை நாங்க ஏற்கெனவே பாத்துட்டோம். வீட்லயும் எல்லாரும் பாத்தாங்க,” என்றார்.

“அது பாதிதான் சார். மீதியை வெட்டிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“தாராளமா சொல்லுங்க.”

வரும் வழியெல்லாம் கொசு ஒரே விஷயத்தைத்தான் மனதில் ஓட்டிப் பார்த்திருந்தான்: சாதாரண ஆள் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்தில் வழி சொல்வதுபோல. மூச்சை இழுத்துக்கொண்டான்.

“என் அத்தான் தூங்கலைங்க,” என்றான்.

நாக்கு நின்றது.

அவன் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. இத்தனை வருடம் அதற்குச் சோறு போட்ட இடம் அது. அதிகாரிகள் மூவரும் மேஜைமேல் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு காத்திருப்பதை அவன் பார்த்தான். அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். இப்போது எதைச் சொன்னாலும் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“வாசல்ல கைதட்ட ஆள் பத்தலைன்னு அவரைக் கொண்டுபோய் வரிசையில நிறுத்தியிருந்தாங்க.”

முதலில் வெடித்தவர் கண்காணிப்பாளர். அதிகாரிகள் அவரைப் பார்த்துவிட்டுத் தாங்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார், நிஜமாத்தான் சொல்றேன்.”

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு வந்தது.

“ஐயோ, போதும்பா, வயிறு வலிக்குது,” என்றார் ஓரத்து அதிகாரி. “எப்படித்தான் முகத்தை இப்படி வச்சுக்கறீங்களோ.”

கொசு திரும்பி அத்தானைப் பார்த்தான். பெரியவர்கள் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா இருப்பது மரியாதையில்லை என்று அத்தானும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடுவில் இருந்தவர் அவரிடம் கனிவாகவே கேட்டார். “நீங்க என்னங்க சொல்றீங்க? இவரு டிவியில சொன்னது சரியா, இப்ப சொல்றது சரியா?”

அத்தான் எழுந்து நின்றார். “மாப்ளே படிச்சவரு,” என்றார். “டிவியில பொய் சொல்ல விடுவாங்களா சார்?”

அன்று சாயங்காலமே வேலை போனது உறுதியாகிவிட்டது. குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கொசு போனபோது அக்கா மகளின் புத்தகங்கள் ஏற்கெனவே ஒரு பழைய போர்வையில் கட்டப்பட்டிருந்தன. அவள் அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்து ஒரு புத்தகத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள். அத்தான் சமையலறைக் குழாயில் ஒழுக்கை அடைத்துக்கொண்டிருந்தார். அடுத்து வருகிறவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதாம்.

அக்கா அவனை எதிரில் உட்காரவைத்தாள். “அவரைக் கேட்டா எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்கங்கிறாரு. அங்க என்னதான்டா நடந்துச்சு? நீயாவது சொல்லு.”

“உள்ள போனேன்க்கா,” என்றான் கொசு. “மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க.”

நாக்கு நின்றது.

மூட்டையின் மேலிருந்த பெண், சிரிப்பதற்குத் தயாராகப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.