எவாரிஸ்தோ எழுதிய கடல் நிலவரம்

எவாரிஸ்தோ உண்மை பேசுகிறவர் என்று பாஹா கலிபோர்னியாவின் கிழக்குக் கரையில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெயருக்கு அவரும் ஆசைப்பட்டதில்லை. மீன் எங்கே என்று ஒரு படகுக்காரரிடம் இன்னொருவர் கேட்டால், மீன் இல்லாத இடத்தைக் கைகாட்டுவதுதான் அங்கே முறை. உள்ளதை உள்ளபடி சொன்னால், பாவம், உடம்புக்கு என்னவோ என்று பார்ப்பார்கள்.

மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்கும் விடுதியின் பன்னிரண்டு படகுக் கேப்டன்களில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் காலை நிலவரத்தை எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு, தண்ணீர் நீலமா பச்சையா, மத்திக் கூட்டம் எங்கே, அதைத் துரத்தி வரும், முதுகில் கொண்டை வைத்த சேவல் மீன் எங்கே என்று ஐந்து மணிக்கே போனில் எழுதி அனுப்பிவிடுவார். கேப்டன்கள் எல்லாரும் போனிலேயே படிப்பார்கள். மேனேஜர் அதை அச்செடுத்து சாப்பாட்டுக் கூடத்தில் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பார்.

அதே சுவரில் ஒரு பலகை தொங்கியது. கரையில் நின்று, இறகால் பொய் இரை கட்டிய இறகுத் தூண்டிலில், ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள சேவல் மீனைப் பிடித்து உயிரோடு விட்டால், வந்த விருந்தாளியின் பெயரும் கூட்டிப்போன கேப்டனின் பெயரும் அதில் ஏறும். ஏற ஒரு நிபந்தனை உண்டு: இன்னொரு கேப்டன் கண்ணால் பார்த்துச் சத்தியம் செய்ய வேண்டும். முன்பெல்லாம் போட்டோ போதும் என்றிருந்தது. எவாரிஸ்தோவின் மச்சான் ஹில்தோ ஒரே போட்டோவை இரண்டு வருஷம் காட்டிய பிறகு அதை நிறுத்திவிட்டார்கள்.

ஹில்தோவின் பெயர் பலகையில் நான்கு இடத்தில் இருந்தது. எவாரிஸ்தோவின் பெயர் பத்தொன்பது கோடைகளில் ஒருமுறையும் ஏறவில்லை. பெயர் எழுதுவது விடுதியின் சமையல்காரி சாயோ. ஹில்தோவின் அக்கா, எவாரிஸ்தோவின் மனைவி. தம்பி பெயரை எழுதும்போது மட்டும் கடைசி எழுத்துக்கு ஒரு சுழி கூடுதலாகப் போடுவாள். அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டுதான் எவாரிஸ்தோ தினமும் காலையில் பீன்ஸும் ரொட்டியும் விழுங்க வேண்டியிருந்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த ஜூலையில் அவருக்கு வாய்த்தவர் கொலராடோவிலிருந்து வந்த பல் டாக்டர் விட்கம். நோயாளிகளிடமே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் மிதக்கும் தொப்பியின் நடுவில் தூண்டிலை இறக்கக்கூடிய கை. இப்படி ஒரு கை இன்னொரு தடவை கிடைக்காது என்று எவாரிஸ்தோவுக்குத் தெரியும். ஐந்து நாள் வீணாகிவிட்டது. மிச்சம் இரண்டே காலைகள்.

முந்தைய நாள் சாயங்காலம் பியெத்ரா கோர்தா கரையில் மத்தி தகதகத்ததையும், அதன் பின்னால் மூன்று சேவல் மீன்கள் கொண்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்ததையும் எவாரிஸ்தோ பார்த்திருந்தார். அதனால் காலையில் இப்படி எழுதினார்: "பியெத்ரா கோர்தா: தண்ணீர் கலங்கல், மத்தி இல்லை, அலை மோசம். எல் போசித்தோ: தெளிந்த தண்ணீர், மத்தி ஏராளம், சேவல் மீன் கரையை ஒட்டி." எல் போசித்தோவில் மாடுகளைத் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை. வெயில் தாங்காமல் அவை முழங்கால் தண்ணீரில் வந்து நிற்கும்.

எவாரிஸ்தோ காப்பி எடுக்கப் போனபோது டாக்டர் அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டு நின்றார்.

"கேப்டன், இன்னைக்கு எல் போசித்தோ. அருமையா எழுதியிருக்கீங்க."

"இல்ல டாக்டர், நாம பியெத்ரா கோர்தாவுக்குப் போறோம்."

"அங்க தண்ணி கலங்கல்னு போட்டிருக்கே?"

"அது… மத்தவங்களுக்குப் போட்டது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே கடல்தானே? அவங்களுக்குக் கலங்கலா இருந்தா நமக்கும் கலங்கல்தான். நீங்க எழுதினதை நான் நம்புறேன் கேப்டன்."

அந்தக் கரையில் எவாரிஸ்தோவிடம் இப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர். விருந்தாளியிடம் போய், நான் எழுதியது பொய் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அவர்கள் எல் போசித்தோவில் படகை மணலில் ஏற்றியபோது வயர்லெஸ் கருவியில் ஹில்தோவின் குரல் வந்தது. பின்னணியில் பல எஞ்சின்களின் இரைச்சல்.

"மச்சான், எங்க இருக்கீங்க? பியெத்ரா கோர்தாவுல தண்ணி கலங்கல்னு எழுதியிருந்தீங்களே, உடனே பதினோரு படகும் இங்க வந்துட்டோம். ரொம்ப உபகாரம்!"

மற்றவர்களின் சிரிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எவாரிஸ்தோ கருவியின் சத்தத்தைக் குறைத்தார். ஊரெல்லாம் அவருடைய பொய்யைத் திருப்பிப்போட்டுப் படித்திருக்க, அப்படியே நம்பிப் படித்தவர் அவர் தலையில் கட்டியிருந்த டாக்டர் ஒருவர்தான். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டரோ உற்சாகமாக மாடுகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. ஒன்பதரை மணிக்குத் தண்ணீருக்குள் ஒரு கறுப்பு நிழல் நகர்ந்தது. எவாரிஸ்தோ பாசி என்று நினைத்தார். பாசி திரும்பி, வெள்ளியாக மின்னி, மத்தியாயிற்று. பதினோரு எஞ்சின்கள் பியெத்ரா கோர்தாவில் போட்ட ஆட்டத்தில் கூட்டம் அரண்டு இங்கே வந்து ஒதுங்கியிருந்தது. கூட்டத்தின் பின்னால் ஏழு முள்ளாக விரிந்த கொண்டை ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"டாக்டர்! ஓடுங்க! முன்னால போட்டு இழுங்க, வேகமா, வேகமா!"

டாக்டர் சுடுமணலில் ஓடினார். இறகாலும் முடியாலும் கட்டிய பொய் மத்தி மீனின் மூக்குக்கு முன்னால் விழுந்தது. மீன் தயங்கியது, விலகியது, பிறகு என்ன நினைத்ததோ திரும்பி விழுங்கியது.

நாற்பது நிமிடம் இழுபறி. எவாரிஸ்தோ இடுப்பளவு தண்ணீரில் நின்று அதன் வாலைப் பிடித்து அளந்தார். ஒரு மீட்டர் இருபத்திரண்டு. ஒரு கையால் வாலைப் பிடித்துக்கொண்டே, டாக்டர் கொண்டுவந்த கருவியை மறுகையில் வாங்கினார்.

"ஹில்தோ! எல் போசித்தோவுல இருக்கேன். ஒண்ணு இருபத்திரண்டு. கையில வச்சிருக்கேன். சீக்கிரம் வாடா!"

"எல் போசித்தோவுலயா? மாடு கொண்டை வச்சிருக்கா மச்சான்?"

"எங்கம்மா மேல சத்தியம்டா!"

"உங்கம்மா மேல போன வாரமும் பண்ணீங்க. நாங்க அங்க வரணும், நீங்க இங்க நுழையணும், அதானே? எங்ககிட்டயா?"

மீனின் செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. டாக்டர் பக்கத்தில் வந்து தண்ணீரில் நின்றார். "கேப்டன், இதுக்கு மேல வச்சிருந்தா செத்துடும்."

எவாரிஸ்தோ பியெத்ரா கோர்தா பக்கம் பார்த்தார். ஒரு படகும் வரவில்லை. மீனை அலைக்கு எதிராக இரண்டு முறை முன்னும் பின்னும் ஆட்டினார். அது வாலை ஒரு அடி அடித்து அவர் முகத்தில் உப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போயிற்று.

மத்தியானம் சாயோ சமையலறை வாசலில் நின்று முழுக்கதையையும் கேட்டாள்.

"சரி, பாத்தது யாரு?"

"டாக்டர் பாத்தாரு."

"அவர் கேப்டனா?"

"நாலு மாடு பாத்துச்சு."

"கூட்டிட்டு வாங்க, சத்தியம் வாங்கிக்கிறேன்."

"சாயோ, நீயுமா நம்பல?"

"உங்களோட இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஆளைக் கொண்டாங்க, இன்னைக்கே எழுதுறேன்." சாயோவின் குரல் இளகித்தான் இருந்தது, ஆனால் தூரிகையை எடுக்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு எவாரிஸ்தோ வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலின் நிலவரத்தை உள்ளபடி எழுதினார். "எல் போசித்தோ: மத்தி ஏராளம். நேற்று ஒரு மீட்டர் இருபத்திரண்டு. பெரியது இன்னும் இருக்கிறது. எல்லாரும் வாருங்கள்." கடைசி வரியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். ஒருவராவது வருவார். ஒருவர் வந்தால் போதும்.

கரையிலிருந்து பதினோரு படகுகளும் கிளம்பின. பதினோரு படகுகளும் பியெத்ரா கோர்தா பக்கம் திரும்பின.

ஒன்பதே முக்காலுக்கு டாக்டரின் தூண்டில் மறுபடி வளைந்தது. இது நேற்றையதைவிடப் பெரியது. கொண்டை எழும்பியபோதே தெரிந்துவிட்டது.

"கேப்டன், இந்தப் பக்கம் ஒரு படகுகூட இல்லையே!" என்று டாக்டர் மூச்சிரைக்கக் கத்தினார். "எப்படி இதைச் சாதிச்சீங்க?"

எவாரிஸ்தோ கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆளில்லாத கரை ஒன்று வேண்டும் என்றுதான் பத்தொன்பது வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அளவுகோலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மாடுகள் அவருக்கு வழிவிட்டன.