சுவரில் ஒட்டிய நான்

பள்ளிக்கூட மாடிப்படியில் என் மகள் சட்டென்று நின்றாள். "அப்பா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது," என்றாள். திட்டக் கூடாது என்று தொடங்கும் எந்தப் பேச்சும் இதுவரை எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

பிள்ளைகள் எழுதியதைப் பெற்றோர் வந்து பார்க்கும் நாள் அது. இங்கிலீஷ் மிஸ் ஒரு கட்டுரை கொடுத்திருந்தாராம். வீட்டில் இருக்கும் ஒருவராக மாறி, அவரே பேசுவதுபோல 'நான்', 'நான்' என்று எழுத வேண்டும். எல்லாவற்றையும் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

"நீ யாரா மாறின?"

"நீங்களா."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அவள் அடுத்த வார்த்தை பேசும்வரை.

"லிஃப்ட் மேல ஏற நீங்க பயப்படறதையும் எழுதிட்டேன்பா."

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, மேலும் கீழும் போய், கம்பி வடங்களையும் சக்கரங்களையும் பார்ப்பதுதான் என் பிழைப்பு. போன வருஷம் நான் மேலே நிற்கும்போது பெட்டி வழுக்கி ஒரு மாடி இறங்கியது. பிறகு பிரேக் பிடித்துக்கொண்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கூரையில் கால் வைத்தால் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. கூட வேலை செய்யும் நெட்டைதான் என் பங்குக்கும் சேர்த்து ஏறுகிறான். நான் மெஷின் ரூமில் நின்று ஸ்விட்சைத் தட்டிக்கொண்டு பொழுதை ஓட்டுகிறேன். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார். அவருடைய பையன் இவள் வகுப்பில்தான் படிக்கிறான்.

"உனக்கு யாருடி சொன்னா? நெட்டையா?"

"யாரும் சொல்லல."

"ஓடிப்போய் அந்த 'நான்' எல்லாத்தையும் அடிச்சுட்டு 'அவர்'னு போட்டுட்டு வா."

"'அவர்'னு போட்டா புகார் குடுத்த மாதிரி இருக்கும்பா. 'நான்'னு இருந்தாதான் கதை. கதையில வர்ற 'நான்', அதை எழுதினவங்க இல்லன்னு மிஸ் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அது நீ இல்லன்னு ஊருக்கே தெரியும்! லிஃப்ட்டு மேல நீயா ஏறுற? அது நான்னு தெரிஞ்சுடுமேங்கறதுதான் என் பயம்!"

தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். மார்க் போனால் போகட்டும். திருட்டு முழி முழித்தபடி வகுப்புக்குள் நுழைந்தால், சுவர் முன்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார்.

"வாய்யா வா! என் பையன் பண்ண கூத்தைப் பாரு. எங்க வீட்டு நாயா மாறி எழுதியிருக்கான். 'எஜமான் என்னைவிட அதிகமாகக் குரைக்கிறார்'னு போட்டிருக்கான் படவா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். என் கண் அடுத்த தாளில் இருந்தது. மகளின் கோழிக்கிறுக்கலை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

"அட, இதுல லிஃப்ட்டுன்னு வருதே. நம்ம வேலை! உனக்கு இங்கிலீஷ் வராதுல்ல? நான் சொல்றேன் கேளு," என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். "நான் இருட்டுக்குள்ள வேலை செய்யறேன். எனக்குக் கீழ பத்து மாடி ஆழம் இருக்கு. துணி காயப் போடும்போதுகூட பால்கனியில முதுகைச் சுவத்தோட ஒட்டிக்கிட்டுதான் நிக்கறேன்."

என் பயம் அவர் குரலில் வந்தது. வேறு யாரோ பயப்படுவதைப் பார்ப்பதுபோல முதலில் இருந்தது. பிறகு உள்ளங்கை வேர்த்தது.

"எனக்காக என் நண்பன் மேல ஏறறான். ஒருநாள் அவன் விழுந்தா, அது நான் விழ வேண்டிய..."

நிறுத்திவிட்டார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. தாளின் அடியில் இருந்த பெயரைப் படித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் மகளைப் பார்த்தார்.

"யாரும்மா இந்த 'நான்'?"

"கற்பனை அங்கிள்," என்றாள். முகம் வெளுத்திருந்தது. "அப்பா அப்படியெல்லாம் இல்ல. மார்க்குக்காக நானா சேர்த்தது."

அவர் பெருமூச்சு விட்டார். "கதைதானா? ஒரு நிமிஷம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. நல்லவேளை. நாளைக்கு நெட்டை லீவு கேட்டிருக்கான். அந்தப் புதுக் கட்டடத்துல நீதான்யா மேல ஏறணும். சரியா?"

தலையை ஆட்டினால் போதும், வேலை தப்பிக்கும். நாளைக் காலை வரை தப்பிக்கும். அதற்கு மேல் அந்தக் கூரையும் என் முழங்காலும்தான். மகளைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் தலை மெல்ல ஆடியது. உண்மையைச் சொல்ல வேண்டாம் என்கிறாளா, ஏற வேண்டாம் என்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.

"கதை இல்ல சார்," என்றேன். "அது நான்தான்."

சூப்பர்வைசர் தாளின்மேல் வைத்திருந்த விரலை எடுத்தார்.

"இனிமே உன்னை மேல ஏத்த மாட்டேன்," என்றார். "ஆனா வேலையில வச்சுக்கறது என் கையில இல்ல. காலையில ஆபீஸுக்கு வா. இத்தனை நாளா நெட்டையை ஏத்திவிட்டியே, அதுக்கும் பதில் சொல்லணும்." பையனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெளியே நீள வராந்தா. இடுப்பளவு கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் மூன்று மாடி ஆழத்தில் மைதானம். மகள் எப்போதும்போல என்னை உள்பக்கம் விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நடந்தாள்.

எப்போதும்போல. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தனை நாளாடி இப்படி?" என்றேன்.

"பார்த்து வாங்கப்பா, படி வருது," என்றாள்.