மூலையில் கறுப்பு

ஃபிட்டர் படித்த நல்லதம்பி நார்த்தாமலையில் கல்லுடைத்துக்கொண்டிருந்தான். திருச்சியில் இரண்டு வருஷம் அரத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய சர்டிபிகேட் தகரப் பெட்டியில் சுகமாகத் தூங்கியது. வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து நாலு வருஷம் ஆயிற்று. இன்டர்வியூ கார்டு இன்று வரும், நாளை வரும் என்று தபால்காரர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனது. வருகிற ஆவணியோடு வயது இருபத்தைந்து முடிகிறது. அதற்குமேல் எந்த ஃபாக்டரியும் அவனைப் புது ஆளாகச் சேர்க்காது.

அவன் ஆத்தா பிச்சையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கடுதாசி தெரியும். மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல சேதி, கறுப்பு இருந்தால் சாவு. சாவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். மகனுடைய வேலைக் கடுதாசியும் மஞ்சள் தடவித்தான் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் சிரித்தானே தவிர, படித்த பிள்ளை, ஒருநாளாவது திருத்தவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் உடம்பெல்லாம் கல்தூசியாக வீட்டுக்கு வந்தான். ஒரு வாரம் கழித்து வருகிற மகனைக் கண்டதும் ஆத்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இந்தக் கூத்தக் கேளுடா. செவ்வாக்கெழம தபால்காரரு ஒரு கார்டக் குடுத்துட்டு மழைக்குப் பயந்து ஓடிட்டாரு. பாத்தா மூலையில கறுப்பு! திருமயத்துல ஒம் மாமன் ராக்கன் காச்சல்ல கெடந்தான்ல, அவந்தான் போய்ச் சேந்துட்டான்னு அங்கனயே கிழிச்சு வேலியில வீசிட்டு பஸ் ஏறிட்டேன். தெருமொனையிலருந்தே மாரடிச்சுக்கிட்டுப் போறேன், அவன் வாசல்ல ஒக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு, 'யாருக்கா செத்தது?'ங்குறான்!"

நல்லதம்பியும் சிரித்தான். பாதிச் சிரிப்பிலேயே நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"அப்ப அது யாரு போட்ட கார்டு ஆத்தா?"

"எனக்கென்னடா தெரியும்? அந்தா, அங்கிட்டுத்தான் கெடக்கும்."

வேலிக்குள் கையை விட்டுத் துழாவினான். முள் கிழித்ததுகூட உறைக்கவில்லை. நாலு துண்டு கிடைத்தது. தரையில் வைத்துப் பொருத்தினான். அவன் பெயர்தான். ஃபிட்டர் வேலை. இன்டர்வியூ வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மூலையில் இருந்தது ஆபீஸ் முத்திரை, மழையில் மை ஊறி அப்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை நேற்று. நேற்றுப் பத்து மணிக்கு அவன் பாறையில் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தான். 'பாவி, என் தலையில மண்ணப் போட்டுட்டியே' என்று கத்தத்தான் திரும்பினான். ஆத்தா சொம்பில் தண்ணீரோடு நின்றாள். தம்பி ராக்கன் பிழைத்துக் கிடக்கிற சந்தோஷம் இன்னும் அவள் முகத்தை விட்டுப் போகவில்லை.

"என்னடா எழுதியிருக்கு?"

"சாவுக் கடுதாசிதான் ஆத்தா. வெலாசம் மாறி வந்திருக்கு."

"வயசானவுகளா?"

"இல்ல. இருவத்தஞ்சு வயசு."

அவளுக்குச் சிரிப்பு அற்றுப்போனது. "அட பாவமே, எவ பெத்த புள்ளையோ" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள்: "அதக் கையால தொட்டுட்டேல்ல, தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா."

துண்டுகளை இன்னும் சின்னதாகக் கிழித்து வேலியில் போட்டுவிட்டு, நல்லதம்பி குளிக்கப் போனான்.