கூடுதலாக ஒரு ‘அவுட்’

“நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்களேன்!”

டீச்சர் போட்ட கூச்சல் பஸ்ஸின் காதில் விழவில்லை. அவள் முகத்தில் ஒரு வாய் புகையை ஊதிவிட்டு அது பாட்டுக்குப் போய்விட்டது.

போனை மறுபடியும் காதில் வைத்தாள். ‘நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.’ விடிந்ததிலிருந்து அதே பெண், அதே குரல், அதே பதில். எத்தனை தடவை சொன்னாலும் அலுத்துக்கொள்ளாத பிறவி.

“என்ன டீச்சர், ஓட்டப்பந்தயமா?” கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டே தையல்கார அக்கா கேட்டாள். டீச்சர் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்க்கடை அவளுடையது. “முதல்ல காலைப் பாருங்க. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பழுப்பு. செருப்பு ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு வேற வேற ஜோடி தேடிக்கிச்சா?”

“வந்து மாத்திக்கறேன்க்கா. டாக்ஸி எங்க கிடைக்கும்?”

“முனையில நிக்கும். அப்படி எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீங்க?”

கோட்டையாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். அவள் பிடிக்கவேண்டியது ஒரு வார்த்தையை. ‘அவுட்.’ நேற்றுச் சாயங்காலம் அவள் வாயிலிருந்து கிளம்பி, அவளிடம் படிக்கும் பானைக்காரரின் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்ட வார்த்தை. இன்று இன்டர்வியூவில் அவர் அதைச் சொல்வதற்குள் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் பிழைப்பில் மண் விழும். மண்ணே பிழைப்பாக இருப்பவரின் பிழைப்பில் மண் விழுவது வேடிக்கைதான். சிரிக்க நேரமில்லை.

டாக்ஸி கிடைத்தது. “வேகமாப் போங்க” என்றாள்.

“முன்னாடி நிக்கறவங்க எல்லாரும் வழி விட்டா பறந்துடலாம்மா” என்றார் டிரைவர். முன்னால் வண்டிகள் தலை தெரியாத வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

டீச்சர் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். 

அவள் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. வெளிநாட்டுப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிற கைவினைக்காரர்களுக்கு, அவரவர் வேலைக்கான இங்கிலீஷை மட்டும் கற்றுக்கொடுப்பாள். இலக்கணம், கடிதம், கட்டுரை எதுவும் கிடையாது. தச்சர் வந்தால் உளிக்குச் சிசல், இழைப்புளிக்கு ப்ளேன். நெசவுக்காரர் வந்தால் பாவுக்கு வார்ப், ஊடைக்கு வெஃப்ட். பூத்தையல் போடும் பெண்கள் வந்தால் நூலிலிருந்து முடிச்சு வரைக்கும். இரண்டு நாற்காலி, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

கற்றுக்கொள்வார்கள், தேறுவார்கள், போவார்கள். “போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன் டீச்சர்” என்பார்கள். போய்ச் சேர்வார்கள்.

அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் எந்தெந்த ஊரிலோ பேசப்பட்டுக்கொண்டிருந்தன. அவள் அறையில்தான் பேச்சு இல்லை. கணவன் இறந்த பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுகிற ஒரே ஜீவன் குளிர்சாதனப் பெட்டி. அதுவும் இடையிடையே மூச்சை நிறுத்திக்கொள்ளும். வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க டீச்சர் ஒரு தடவை இருமிக்கொள்வாள். இருக்கும்.

அப்படிப்பட்ட அறைக்குள்தான் மழைக்காலத்தின் தொடக்கத்தில் பானைக்காரர் வந்தார். நகக்கண்ணில் களிமண், காதோரம் நரை. உடம்போடு ஒட்டாத ஒரு கோட்டு.

முதல் நாளே தகராறு.

“சக்கரத்துல பானை வனையறதுக்கு இங்கிலீஷ்ல ‘த்ரோ’.”

“த்ரோன்னா எறியறது இல்லையா டீச்சர்? பந்தைத்தானே எறிவாங்க?”

“பானைக்கும் அதே வார்த்தைதான்.”

“அது சரி. கஷ்டப்பட்டு வனைஞ்சதை எறிஞ்சா, வாங்கறவன் தலையில கட்டுப் போட வேண்டி வருமே!”

அடுத்த நாள் ‘ஃபயர்’. சூளையில் வைத்துச் சுடுவது.

“ஆபீஸ்ல ஒருத்தரைத் துரத்துறதுக்கும் ஃபயர்தானே? நம்ம பானை என்ன டீச்சர் தப்பு பண்ணுச்சு, வேலையை விட்டுத் தூக்கறாங்க?”

சிரித்துச் சிரித்து டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்தது ‘ஸ்லிப்’. ஒட்டுவதற்குக் கரைத்து வைக்கிற குழம்பு மண். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் நாற்காலியிலிருந்து வழுக்கிவிழுவது போல நடிப்பார். ‘கில்ன்’ என்ற சூளை மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு மறந்துவிடுவார். “மறுபடியும் முதல்லேர்ந்து வருவோமா டீச்சர்?” என்பார். மறுபடியும் வருவார்கள்.

இத்தனை மந்தமான மாணவர் அவளுக்கு வாய்த்ததே இல்லை. இத்தனை சீக்கிரம் மணி ஓடிய வகுப்பும் வாய்த்ததில்லை.

ஆனால் டீச்சர் என்றால் டீச்சர். சொல்லிக்கொடுக்க வேண்டியது தீர்ந்த பிறகு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வது தர்மமில்லை. விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். முன்பு வேலை பார்த்த இடம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, “அது நானே எழுதிக்கறேன் டீச்சர், ரொம்பச் சின்ன இடம்” என்று வாங்கிக்கொண்டார். இன்டர்வியூ தேதி வந்தது. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு சிரிப்பிலும் ஏதோ குறைந்தது.

நேற்றுக் கடைசி வகுப்பு. டீச்சர் இன்டர்வியூ எடுப்பவள் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு இங்கிலீஷில் கேட்டாள்: “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?”

“ஐ த்ரோ பாட்ஸ்.”

அப்பழுக்கில்லாத பதில். நான் பானை வனைகிறேன். இதைச் சொன்னால் வேலை நிச்சயம். விமானம் நிச்சயம். நாளை மறுநாள் எதிர் நாற்காலி காலியாவதும் நிச்சயம்.

அப்போதுதான் அவள் நாக்கு அவளைக் கேட்காமல் பேசியது.

“‘ஐ த்ரோ அவுட் பாட்ஸ்’னு சொல்லுங்க. அப்படிச் சொன்னாத்தான் முழுசா இருக்கும்.”

பானைக்காரர் அவளை ஒரு கணம் பார்த்தார். “அவுட்டா?”

“அவுட்.”

“சரி டீச்சர்” என்றார். மாடிப்படி இறங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனார்.

ஒரு சின்ன அவுட். அது சேர்ந்தால் வனைகிறவர் குப்பையில் கொட்டுகிறவர் ஆகிவிடுவார். ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ ‘பானைகளைக் குப்பையில் கொட்டுகிறேன்.’ பட்டறைக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்து, கதவைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். பானைக்காரர் மாடியேறி வருவார். ‘மறுபடியும் முதல்லேர்ந்து வருவோமா டீச்சர்?’

கணக்கு அழகாகத்தான் இருந்தது. படுத்த பிறகுதான் குத்த ஆரம்பித்தது. ராத்திரி முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். என்னவென்று சொல்வது? ‘தப்பாச் சொல்லிட்டேன்’ என்றால் பொய். ‘வேணும்னே சொன்னேன்’ என்றால், ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. அதைச் சொல்லும் வயதுதான் போய்விட்டது என்று நினைத்தாள். விடிந்ததும் துணிந்து கூப்பிட்டால், போன் அணைந்திருந்தது.

“வந்தாச்சும்மா” என்றார் டிரைவர்.

கண்ணாடிக் கட்டடம். லிஃப்ட் மேலே எங்கோ நின்றுகொண்டு வர மறுத்தது. டீச்சர் படியேறினாள். வேறு வேறு உயரமுள்ள செருப்புகள் அவளை ஒவ்வொரு படியிலும் ஒரு பக்கம் சாய்த்தன.

மேலே ஒரு மேசை. பின்னால் ஒரு சின்னப் பெண். மேசையில் ஒரு தட்டு நிறையப் போன்கள்.

“பானை வனையறவர்... இன்டர்வியூக்கு வந்தாரே...”

“உள்ள இருக்கார்மா. இப்பத்தான் போனார்.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்.”

“முடிஞ்சதும் சொல்லிக்கங்கம்மா.”

“முடிஞ்சப்புறம் சொன்னா பிரயோஜனம் இல்லம்மா. ஒரு வார்த்தைதான். நிஜமாவே ஒரே ஒரு வார்த்தை!”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க” என்றாள் பெண். “போன வாரம் ஒருத்தரோட மாமியார் ஒரு வார்த்தைன்னு சொல்லிட்டு, என் ஜாதகம் வரைக்கும் விசாரிச்சுட்டுப் போனாங்க. உக்காருங்க.”

உட்காரவில்லை. கதவருகே போய் நின்றாள். தடித்த கதவு. உள்ளே பேச்சு வெறும் முணுமுணுப்பாகக் கேட்டது. ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. பானைக்காரரின் குரல் ஏதோ சொன்னது.

திடீரென்று சிரிப்பு. ஒருவர் இருவர் அல்ல, உள்ளே இருந்த எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டார். அந்த நல்ல மனிதர், டீச்சர் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டார். இவ்வளவு நேரம் அவள் பயந்தது இதற்குத்தான். நேற்று அவள் ஆசைப்பட்டதும் இதற்குத்தான். வெட்கம் அவளைக் காதுவரை சுட்டது.

கதவு திறந்தது.

பானைக்காரர் வெளியே வந்தார். அதே ஒட்டாத கோட்டு. அவளைப் பார்த்ததும் நின்றார்.

“டீச்சர்! நீங்க எங்க இங்க?”

“என்ன ஆச்சு?”

“கிடைச்சிருச்சு.” அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அடுத்த வாரம் கிளம்பணும். கையெழுத்துப் போட்டாச்சு.”

“நீங்க... அவுட்...”

“அதை விட்டுட்டேன் டீச்சர்.”

ஏன் என்று அவள் கேட்பதற்குள் அவருக்குப் பின்னாலேயே ஒரு வெளிநாட்டு அம்மாள் வந்தாள். அவர் தோளில் தட்டி, கடகடவென்று இங்கிலீஷில் பேசினாள். பட்டறையின் மூலையில் இருக்கும் அவருடைய பழைய கில்ன் இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது என்றாள். அவரும் அதே வேகத்தில், யோசிக்காமல், தடுமாறாமல் திருப்பிச் சொன்னார்: நான் இருந்தபோதே அது ஒரு செயின் ஸ்மோக்கர், என்னால்கூடத் திருத்த முடியவில்லை. அந்த அம்மாள் உரக்கச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

டீச்சர் அசையாமல் நின்றாள். அவளுடைய இங்கிலீஷைவிட அது நல்ல இங்கிலீஷ்.

“பழைய கில்ன்...” என்றாள்.

“பத்து வருஷத்துக்கு மேல அங்கதான் இருந்தேன் டீச்சர்.” அவர் கோட்டின் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். “நீங்கதான் விண்ணப்பம் போட்டீங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? பாடம் முடிஞ்சுது, ஆள் போனா சரின்னு நீங்க நினைக்கறீங்கன்னு நினைச்சேன்.”

“அப்ப நேத்து நான் சொன்னது தப்புன்னு...”

“சொன்னப்பவே தெரியும்.”

“தவறிப்போய்ச் சொல்லல” என்றாள் டீச்சர். “வேணும்னேதான் சொன்னேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். டீச்சருக்கு வாய் தவறிடுச்சா, இல்ல என்னைத் தடுக்கறாங்களா? ஒரு போன் வரும்னு விடியறவரைக்கும் பார்த்தேன், வரல, அணைச்சு வச்சுட்டேன். நானே கேட்டிருக்கலாம். எனக்கும் வாய் வரல.” கையிலிருந்த காகிதத்தை மடித்தார். “வாய்தான் தவறிடுச்சுன்னு முடிவு பண்ணி உள்ள போயிட்டேன்.”

மேசைப் பெண் தட்டிலிருந்து அவருடைய போனை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி, ஆன் செய்தார். டீச்சர் கூப்பிட்ட தகவல்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எல்லாம் தெரிஞ்ச ஆளு” என்றாள் டீச்சர். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. “த்ரோ தெரியும், ஃபயர் தெரியும், கில்ன் உங்க சொந்தக்காரன். பின்ன எதுக்கு என் வகுப்புக்கு வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தீங்க?”

“அங்கேர்ந்து திரும்பி வந்தப்ப வீட்டுல யாரும் இல்ல டீச்சர். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா. பையன் வேற ஊர்ல. சும்மா தெருத்தெருவா நடந்துக்கிட்டிருந்தேன். உங்க மாடில ஒரு போர்டு தொங்கிச்சு. மேல ‘இங்கிலீஷ்’னு இருந்திருக்கும்போல. அது மழையில கரைஞ்சுபோச்சு. மிச்சந்தான் தெரிஞ்சுது.”

“என்ன மிச்சம்?”

“‘பேசலாம், வாங்க’ன்னு.”