பன்னிரண்டு கட்டமும் நாற்பத்தொரு நாளும்

1
நாற்பத்தொரு நாள், ஆறு மணித்தியாலம். சிறைக்குள் அன்புராசாவைத் தனியறையில் பூட்டி வைத்திருந்த கணக்கு இது. தீர்ப்பின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தீர்ப்பை வாசித்துச் சிரித்தேன். சிரித்ததற்கு வெட்கப்பட்டு எழுத உட்கார்ந்தேன்.

2
முதல் தொடக்கம்: "1995 மார்கழியில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சமஷ்டிச் சிறையில், பனி..."

வேண்டாம். கனடாக் கதை என்றால் பனி பெய்தே தீரவேண்டுமா?

இரண்டாம் தொடக்கம்: தாய் ஸ்காபரோவிலிருந்து அன்புராசாவுக்குக் கடிதம் அனுப்பினார். உள்ளே அவன் தங்கை சாம்பவியின் சாதகக் குறிப்பு. பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. தகப்பன் இல்லாத வீடு. மறியலில் இருந்தாலும் மூத்தவன் மூத்தவன்தானே, அவன் பார்க்கவேண்டும்.

(ஏன் மறியல் என்பீர்கள். ஒருவனைக் கத்தியால் குத்தினான். ஐந்து வருடம் கொடுத்தார்கள். அது சரி. வழக்கு அதைப்பற்றியது அல்ல.)

அதிகாரிகள் கடிதத்தைப் பிரித்தார்கள். பன்னிரண்டு கட்டம், நடுவில் வெறுமை, உள்ளே புரியாத எழுத்து. அவன் இருந்த பகுதியிலும் பன்னிரண்டு அறை, நடுவில் முற்றம். தப்பியோடும் திட்டம்! எட்டாம் கட்டத்தில் எழுத்து அதிகமாக இருந்ததால் எட்டாம் அறைக் கைதியையும் விசாரித்தார்கள். செவ்வாய் தோஷம் இப்படியும் வேலை செய்யும்.

3
தன்னைத் தனியறையில் பூட்டி உரிமைச் சாசனத்தை மீறினார்கள் என்று அதிகாரிகள்மேல் வழக்குப் போட்டான். தோற்றான். மேன்முறையீடு செய்தான். வென்றால்தான் "தப்பியோட முயன்றவன்" என்ற குறிப்பு கோப்பிலிருந்து போகும், பரோல் கிடைக்கும். ஒரே வசனம் போதும்: அது என் தங்கையின் சாதகம். சட்டத்தரணியிடம்கூட அவன் அதைச் சொல்லவில்லை.

சாம்பவி பார்க்கப் போனாள்.

"அண்ணை, சாதகம் எண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னா தீர்ப்பிலை உன்ரை பேர் வரும். எங்கடை பேப்பர்க்காரர் விடுவாங்களே? நான் வன்கூவரிலை வேலை செய்யிறன் எண்டெல்லோ அம்மா அஜக்ஸ் ஆக்களுக்குச் சொல்லி வைச்சிருக்கிறா!"

"அப்ப வன்கூவரிலேயே கிடவுங்கோ."

"பகிடியை விடு. நீயும் வாய் திறக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

நீதிபதிகள் மூவரும் ஒருமித்துச் சொன்னார்கள்: விளக்கம் தராத கைதியைச் சந்தேகித்தது நியாயமே. தள்ளுபடி. சாதகம், "வரைபடம், பின்னிணைப்பு ஆ" என்று கோப்பில் ஏறியது.*

* வழக்கு ஒன்றரை வருடம் இழுபட்டது. சம்பந்தமும் அப்படித்தான். புது வீடு கட்டி முடியட்டும் என்றார்கள் அஜக்ஸ்காரர்.

4
இந்தச் சாம்பவியை எனக்குப் பிடிக்கவில்லை. "இரசாயனம் படித்தவள், கூச்சக்காரி, ஆகவே பேசாமல் இருந்தாள்" என்று எழுதி, வெட்டினேன். கூச்சம் நல்ல சாட்டு.

முடிவு அ: நீதிமன்றத்தில் அவள் எழுந்து...
(எழவில்லை. எழுப்பிப் பார்த்தேன்.)

முடிவு ஆ: கலியாணம் நடக்கிறது, எல்லாரும் படத்துக்கு நிற்கிறார்கள். பிடித்தவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு இ: அஜக்ஸ் ஆட்கள் வந்து சோபாவில் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்:

"பிள்ளை, உங்கடை தமையன் எப்ப வாறார்? அவர் வந்துதானே நாள் வைக்கவேணும்?"

அம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்று, பேசாதே என்று எனக்குக் கண் காட்டுகிறார்.

"அண்ணை மறியலிலை இருக்கிறார், அன்ரி."