வறண்ட கண்

மாமியார் போனபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. தைவானின் தைனான் நகரத்தில் எங்கள் சந்து முழுக்க அதுதான் பேச்சு.

மாதவிலக்கு நின்ற வருஷத்திலிருந்தே கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல். காலையில் தெரிகிற எழுத்து சாயங்காலம் தெரியாது. கண்ணாடியை மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன். கடைசியில் ஒரு பெண் டாக்டர்தான் சொன்னார்: இந்த வயதில் உடம்பில் சுரப்பு குறையும்போது கண்ணீரும் வற்றும், கண் காய்ந்தால் பார்வை மங்கும், கண்ணாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு வந்து என் கணவர் சுங்-ஹானிடம் சொன்னேன்.

"இதையெல்லாம் வெளிய சொல்லிட்டுத் திரியாத," என்றார்.

அவர் அம்மாதான் என்னை உட்காரவைத்து வெந்நீரில் நனைத்த துணியைக் கண்மேல் போட்டார். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. யார்கிட்டப் போய்ச் சொல்ல, உன் மாமனார்கிட்டயா?" என்று சிரித்தார். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்.

படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அவர் முகம் எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. சவப்பெட்டியை மூடுமுன் ஒரு தடவை தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பார்வை தெளியும்.

தைபேயிலிருந்து நாத்தனார் பி-யுன் வந்தாள். சந்து முனையிலேயே முழங்காலில் விழுந்து, கதறிக்கொண்டு வாசல்வரை தவழ்ந்தாள். மகளுக்கு அதுதான் முறை. புத்தாண்டுக்கு மட்டும் எட்டிப்பார்க்கிறவளுக்கு முழங்கால் நன்றாகவே ஒத்துழைத்தது. எழுந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஒரு சொட்டுகூட இல்லையா? பக்கத்து வீட்டுக்காரங்களே அழறாங்க."

"கண்ணு காஞ்சுபோச்சு பி-யுன்."

"மனசுன்னு சொல்லுங்க."

"அவளுக்கென்ன, இனிமே பீ மூத்திரம் அள்ள வேண்டாம்," என்றார் கணவரின் பெரியம்மா. ஒரு நாள்கூட அள்ளாதவர்.

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். காரணம் தெரிந்த ஒரே ஆள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் பெண்டாட்டிக்கு மாதவிலக்கு நின்றதைப் பேசுவதா? "தூக்கமில்ல, அதான்," என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார். மானம் அவருக்கு, பழி எனக்கு. அந்த நிமிஷம் அவரை மனதார வெறுத்தேன்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. மருந்தை விட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய்க் குனிந்தேன். நெற்றி தெரிந்தது, புருவம் தெரிந்தது. அதற்குள் யாரோ, செத்தவர்களின் வழிச்செலவுக்கென்று எரிக்கிற காகிதப் பணத்தைக் கட்டோடு தீயில் போட்டார்கள். புகை நேராக என் முகத்தில் அடித்தது. காய்ந்த கண் அந்த எரிச்சலைத் தாங்காது. பொலபொலவென்று நீர் கொட்டிவிட்டது.

"அண்ணியப் பிடிங்க. கண்ணீர் மேல விழுந்தா அம்மாவோட ஆவி வீட்டவிட்டுப் போகாது," என்று பி-யுன் என் தோளைப் பற்றி இழுத்தாள். ஆளுக்கொரு கையாகச் சேர்ந்துகொண்டார்கள்.

"புகைதான், விடுங்க. ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்."

கேட்பாரில்லை. என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். மூடி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பெரியம்மா என் முதுகைத் தடவினார். "நல்லா அழு. இப்பதான் மருமக மாதிரி இருக்கே."

என் கணவர் கைக்குட்டையை நீட்டினார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"அப்பாடா," என்றார் மெல்ல. "இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."